ஈபப் கோப்புகளில் குவிந்து கிடக்கும் சிஎஸ்எஸ் குப்பையை ஸ்கிரிப்ட் வைத்து மொத்தமாகச் சுத்தம் செய்ய முடியுமா?

ஏடுதூசி கேட்டது:

வணக்கம் நண்பர்களே. நாட்டுடைமை ஆக்கப்பட்ட சில எழுத்தாளர்களின் சிறுகதைத் தொகுப்புகளை நாங்கள் நாலைந்து பேர் சேர்ந்து தட்டச்சு செய்து, மெய்ப்புப் பார்த்து, ஈபப் (மின்னூல் கோப்பு) ஆக்கி இலவசமாகக் கொடுத்துவருகிறோம். நாற்பதுக்கும் மேல் சேர்ந்துவிட்டன. படிக்க முடிகிறது, ஆனால் ஒவ்வொரு புத்தகமும் ஒவ்வொரு தினுசு. மூலம் வந்த வழி அப்படி: ஒருவர் வேர்டில் தட்டி அதை வலைப்பக்கமாகச் சேமித்து அனுப்பினார், இன்னொருவர் டாக்எக்ஸாகவே தந்தார், ஒரு டிடிபி நிலையத்திலிருந்து இன்டிசைனில் எடுத்த ஈபப் வந்தது. எல்லாவற்றையும் காலிபர் என்ற மின்னூல் மென்பொருளில் போட்டு மாற்றி, திருத்தி, மறுபடி மாற்றி என்று போய்க்கொண்டே இருந்ததில் உள்ளே இருக்கும் கோட் இப்போது கண்கொண்டு பார்க்க முடியாத நிலையில் இருக்கிறது.

ஒரு பத்தியைத் திறந்து பார்த்ததைச் சொல்கிறேன். வெளியே ஒரு பி டேக் (பத்திக்குறி), அதன் கிளாஸ் (எந்த அலங்காரம் என்று காட்டும்) பெயர் பிளாக்_7. உள்ளே ஒரு ஸ்பான் (பத்திக்குள் ஒரு துண்டைச் சுற்றும் டேக்), கிளாஸ் டெக்ஸ்ட்_3. அதற்குள் இன்னொரு ஸ்பான், காலிபர்12. அதற்குள்தான் "அவள் கதவைத் திற" என்று இருக்கிறது. அங்கே ஸ்பான் மூடி, காலிபர்14 என்று புதிதாக ஒன்று திறந்து அதில் "ந்தாள்" என்று மிச்சம். இரண்டு கிளாஸுக்கும் ஸ்டைல்ஷீட்டில் (எழுத்து, நிறம், மார்ஜின் விதிகள் இருக்கும் சிஎஸ்எஸ் கோப்பில்) என்ன வித்தியாசம் என்று பார்த்தால் ஒன்றில் எழுத்துரு லதா, இன்னொன்றிலும் லதா, ஆனால் அளவு ஒன்றில் 1 இஎம் (எழுத்தளவைப் பொறுத்த அலகு), மற்றதில் 0.99 என்னவோ. வாசிப்பவர்களிடமிருந்து வரும் புகார்கள் இரண்டு. இரவு முறையில் வைத்தால் சில பக்கங்களில் எழுத்து மறைந்துவிடுகிறது, ஏனென்றால் நிறம் கறுப்பு என்று பிடிவாதமாக எழுதப்பட்டிருக்கிறது. அப்புறம், எழுத்தைப் பெரிதாக்கினால் வரிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி "கூ", "மூ" போன்ற எழுத்துகளின் கீழ்ச்சுழி அடுத்த வரியில் போய் இடிக்கிறது. வரி உயரம் பாயின்ட்டில் கட்டிப்போடப்பட்டதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

இதுவரை பார்த்தவை: காலிபர் எடிட்டரில் பயன்படாத சிஎஸ்எஸ்ஸை நீக்கும் கருவியை ஓட்டினால் ஏறக்குறைய எதுவும் குறையவில்லை. குப்பை எல்லாமே எங்கேயாவது பயன்பட்டுக்கொண்டுதான் இருக்கிறது. மாற்றும்போது எழுத்துரு, நிறம், மார்ஜின் எல்லாவற்றையும் வடிகட்டும் வசதியைப் போட்டால் நன்றாகத்தான் சுத்தமாகிறது, ஆனால் கதைக்குள் வரும் பாட்டு, கடிதம் எல்லாம் உரைநடையோடு ஒட்டிக்கொள்கின்றன, ஏனென்றால் அவை உள்தள்ளி நிற்பதே மார்ஜினால்தான். ரீஜெக்ஸ் (எழுத்து வடிவத்தைச் சொல்லித் தேடி மாற்றும் முறை) போட்டால் ஸ்பானுக்குள் ஸ்பான் இருக்கும் இடத்தில் தப்பான மூடும் டேகைப் பிடிக்கிறது.

எனக்கு வேண்டியது ஒரு ஃபோல்டரில் எல்லா ஈபப்பையும் போட்டால் மறுபக்கம் ஒரே மாதிரி ஸ்டைல்ஷீட்டோடு வரவேண்டும். பைதான் ஓரளவு தெரியும். யாராவது செய்திருக்கிறீர்களா?

கம்பிமத்தாப்பு எழுதியது:

ஈபப்பைச் சுத்தம் செய்வதே வீண் வேலை நண்பரே. வேர்ட் கோப்பு இருக்கிறதல்லவா, அதை பாண்டாக் என்ற கோப்பு மாற்றியில் போடுங்கள். எழுத்துரு, நிறம், அளவு எதையும் அது எடுத்துக்கொள்ளாது. தலைப்பு, தடித்த எழுத்து, சாய்வெழுத்து, அடிக்குறிப்பு இவற்றை மட்டும் வைத்துக்கொண்டு வெறும் பி டேக்களாகத் தரும். உங்கள் ஸ்டைல்ஷீட்டை ஒரு கட்டளையில் சேர்த்துவிடலாம். நாற்பது புத்தகமும் ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் முடிந்துவிடும்.

ஏடுதூசி எழுதியது:

நன்றி. ஆனால் பாதிப் புத்தகங்களுக்கு வேர்ட் கோப்பே கையில் இல்லை. இருப்பவற்றுக்கும் மெய்ப்புத் திருத்தங்கள் எல்லாம் ஈபப்பிலேயே போட்டிருக்கிறோம், வேர்டுக்குத் திரும்பிப் போனால் அவ்வளவும் போய்விடும். இன்னொன்று, நடுவில் நிறுத்தப்பட்ட மூன்று நட்சத்திரங்களும் பாட்டு வரிகளும் பாண்டாக்கில் இடது ஓரத்துக்கு வந்துவிடுகின்றன.

கம்பிமத்தாப்பு எழுதியது:

சரி, திருத்தம் ஈபப்பில்தான் இருக்கிறது என்றால் என் யோசனை செல்லாது. நடுவில் நிறுத்துவதை பாண்டாக் கண்டுகொள்ளாது என்பதும் உண்மைதான். வேர்டில் அதற்கென்று ஒரு ஸ்டைலுக்குப் பெயர் வைத்திருந்தால் அந்தப் பெயரோடு கொண்டுவரச் சொல்லி ஒரு நீட்சி இருக்கிறது, ஆனால் நம் ஊரில் தட்டச்சு செய்பவர்கள் ஸ்டைல் எங்கே வைக்கிறார்கள், ஸ்பேஸ் பாரைத்தானே தட்டுகிறார்கள்.

வடக்குவீதி எழுதியது:

நான் இதே மாதிரி ஒரு தொகுப்பைச் செய்திருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

நீங்களே முக்கியமான ஒன்றைச் சொல்லிவிட்டீர்கள், குப்பை எல்லாம் பயன்பாட்டில் இருக்கிறது என்று. காலிபர், சிஜில் (இன்னொரு ஈபப் எடிட்டர்) இரண்டிலும் இருக்கும் நீக்கும் கருவி பார்ப்பது ஒன்றே ஒன்றுதான்: இந்த விதி எந்த டேகுக்காவது பொருந்துகிறதா. பொருந்தினால் விட்டுவிடும். அது தேவையா என்று அதற்குத் தெரியாது, தெரியவும் முடியாது. அதனால் அந்தக் கருவியைக் கடைசியில் ஓட்ட வேண்டும். முதல் வேலை, எந்த அலங்காரத்துக்கு அர்த்தம் இருக்கிறது, எதற்கு இல்லை என்று பிரிப்பது. இந்த ஒரு இடத்தில்தான் மனிதக் கண் வேண்டும், மற்றதெல்லாம் ஸ்கிரிப்ட் பார்த்துக்கொள்ளும்.

அடுத்தது, கிளாஸ் பெயரை நம்பவே நம்பாதீர்கள். காலிபர் மாற்றும்போது ஒவ்வொரு டேகுக்கும் கடைசியில் என்ன அலங்காரம் வந்து சேருகிறது என்று கணக்குப் போட்டு, அதற்கு ஒரு எண் கொடுத்துப் புதிதாக கிளாஸ் செய்கிறது. ஒரு புத்தகத்தில் பிளாக்_7 பாட்டு வரி என்றால் அடுத்த புத்தகத்தில் அது அட்டவணைத் தலைப்பாக இருக்கும். இன்டிசைன் கதையும் அதேதான், பாராஓவர்ரைடு-1, கேர்ஓவர்ரைடு-2 என்று அதுவும் எண்ணிக்கொண்டே போகும். பெயரை வைத்து ஒரு பட்டியல் போட்டால் நாற்பது புத்தகத்துக்கு நாற்பது பட்டியல் போட வேண்டியிருக்கும்.

பெயருக்குப் பதில் உள்ளே இருக்கும் பண்புகளைப் பிடியுங்கள். ஒவ்வொரு கிளாஸின் விதியையும் படித்து, அதிலிருந்து எந்தக் காலத்திலும் வேண்டாதவற்றைக் கழியுங்கள்: கறுப்பு அல்லது விண்டோடெக்ஸ்ட் என்ற நிறம், வெள்ளைப் பின்னணி, வரி உயரம், எழுத்து இடைவெளி, விடோஸ், ஆர்ஃபன்ஸ் (பக்க முறிவில் தனித்து நிற்கும் வரிகளுக்கான விதிகள்), பூஜ்ய மார்ஜின், பூஜ்ய பேடிங், பி டேகுக்கே டிஸ்ப்ளே பிளாக் என்று எழுதியிருப்பது, எம்எஸ்ஓ என்று தொடங்கும் வேர்ட் சமாசாரம் அத்தனையும். எழுத்துருப் பெயரை மட்டும் இப்போதைக்குக் கழிக்காதீர்கள், கடைசியில் பார்ப்போம். மிச்சத்தையும் அப்படியே வைக்காமல் உருட்டிவிடுங்கள். எழுத்தளவு 0.9 இஎம்முக்குக் கீழே என்றால் "சிறிது", 1.15க்கு மேலே என்றால் "பெரிது", நடுவில் எதுவானாலும் ஒன்றுமில்லை. இடது மார்ஜின் கவனிக்கிற அளவுக்கு இருக்கிறதா இல்லையா, அவ்வளவுதான். 36 பாயின்ட்டா 35.4 பாயின்ட்டா என்பது நமக்கு வேண்டாம். ஓரச்சீர்மை நடுவா, வலதா, இரண்டும் இல்லையா.

இப்படிச் செய்ததும் நூற்றுக்கணக்கில் இருக்கும் கிளாஸ்கள் பத்துப் பன்னிரண்டு கையெழுத்துகளாகச் சுருங்கிவிடும். கையெழுத்து என்று நான் சொல்வது "நடு + பெரிது + தடிப்பு", "உள்தள்ளல் + சாய்வு" என்று இப்படி. ஒரு ஸ்கிரிப்ட் எழுதி, ஒவ்வொரு கையெழுத்துக்கும் எத்தனை இடத்தில் வருகிறது, மாதிரிக்கு மூன்று வாக்கியம் என்ன என்று ஒரு அட்டவணை எடுங்கள். "நடு + பெரிது + தடிப்பு" என்பதற்குக் கீழே கதைத் தலைப்புகளாக வந்து நிற்கும், "உள்தள்ளல் + சாய்வு" என்பதற்குக் கீழே பாட்டு வரிகள். அந்த அட்டவணையில் பக்கத்தில் நீங்கள் கையால் எழுத வேண்டியது இது எச்2 (தலைப்பு டேக்), இது பாட்டு, இது கடிதம், இது வெறும் பத்தி என்று மட்டும். எல்லாப் புத்தகத்துக்கும் சேர்த்து ஒரே அட்டவணை போதும்.

பிறகு மாற்றும் ஸ்கிரிப்ட். தடிப்பு ஸ்பானை ஸ்ட்ராங் ஆக்கு, சாய்வை இஎம் டேக் (அலகு அல்ல) ஆக்கு, கையெழுத்துப்படி பத்திக்குப் புதுக் கிளாஸ் கொடு, ஒன்றும் மிஞ்சாத ஸ்பானை உரித்துவிடு. உங்கள் "திற", "ந்தாள்" இரண்டும் அப்போது தானாக ஒன்று சேர்ந்துவிடும். இதைக் கண்டிப்பாகச் செய்யுங்கள், ஏனென்றால் ஸ்பான் மெய்யெழுத்துக்கும் உயிர்க்குறிக்கும் நடுவில் வெட்டியிருந்தால் சில ரீடர்களில் கொம்பும் காலும் தனியாகப் புள்ளி வட்டத்தோடு தொங்கும்.

பைதானில் மூன்று இடத்தில் பார்த்து நடங்கள். எல்எக்ஸ்எம்எல் (டேகுகளைப் படித்து மாற்றும் பைதான் நூலகம்) பயன்படுத்தினால் ஒரு டேகை ரிமூவ் செய்யும்போது அதற்குப் பின்னால் இருக்கும் எழுத்தையும் சேர்த்தே தூக்கிக்கொண்டு போய்விடும், வாக்கியத்தின் பின்பாதி காணாமல் போகும், எந்தப் பிழைச்செய்தியும் வராது. அதற்கு ஸ்ட்ரிப் டேக்ஸ் என்று தனியாக இருக்கிறது, இல்லாவிட்டால் பியூட்டிஃபுல் சூப் என்ற இன்னொரு நூலகத்தில் அன்ராப். இரண்டாவது, பியூட்டிஃபுல் சூப்பை எக்ஸ்எம்எல் பார்சரோடு திறங்கள். எச்டிஎம்எல் பார்சர் பண்புப் பெயர்களை எல்லாம் சின்ன எழுத்தாக்கிவிடும். காலிபர் அட்டைப்படத்தை எஸ்விஜிக்குள்தான் வைக்கிறது, அதில் வியூபாக்ஸ் என்ற பெயரில் நடுவில் பெரிய எழுத்து வருகிறது, அது சின்னதானால் அட்டை ஒழுங்கான அளவில் வராது. மூன்றாவது, ஐடி வைத்திருக்கும் ஸ்பான் எதையும் தொடாதீர்கள், அடிக்குறிப்பும் உள்ளடக்கமும் அங்கே வந்து இறங்குகிற இடம் அது.

எல்லாம் முடிந்ததும் சரிபார்ப்பு. பழைய கோப்பிலிருந்து டேகை எல்லாம் நீக்கி வெறும் எழுத்தை எடுங்கள், புதியதிலிருந்தும் எடுங்கள், இரண்டிலும் இடைவெளிகளை நீக்கிவிட்டு ஒப்பிடுங்கள். ஒரு எழுத்துக்கூட மாறியிருக்கக் கூடாது. மாறியிருந்தால் அந்தப் புத்தகத்தை வெளியே விடாமல் ஸ்கிரிப்ட் நிறுத்திவிட வேண்டும். மெய்ப்புப் பார்த்த உழைப்பு வீணாகாமல் இருக்க இதைவிட மலிவான காவல் கிடையாது.

மெய்ப்புக்காரி எழுதியது:

பைதான் தெரியாதவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் சிஜில் வழியையும் சொல்லி வைக்கிறேன். டேக்மெக்கானிக் என்று ஒரு பிளக்கின் இருக்கிறது. "இந்தக் கிளாஸ் உள்ள ஸ்பானை நீக்கு, உள்ளே இருப்பதை விட்டுவை" அல்லது "இதை இஎம் ஆக மாற்று" என்று கேட்டால் சரியான மூடும் டேகைத் தேடிப் பிடித்துச் செய்யும், ஸ்பானுக்குள் ஸ்பான் இருந்தாலும் குழம்பாது. காலிபர் எடிட்டர் பக்கம் இருப்பவர்களுக்கும் இதே வேலைக்கு டயப்ஸ் எடிட்டிங் டூல்பேக் என்று உண்டு. அதற்குப் பிறகு சிஜிலில் அடிக்கடி போடும் தேடல்களைச் சேமித்து வைத்துக்கொண்டு, ஆட்டோமேஷன் லிஸ்ட்டில் வரிசையாகக் கோத்தால் ஒரே சொடுக்கில் அத்தனையும் ஓடும்.

ரீஜெக்ஸை இவ்வளவு திட்டவும் வேண்டாம். டேக் மூடுவதைப் பிடிக்கத்தான் அது லாயக்கில்லை. ஒரு டேகுக்குள்ளேயே முடிந்துவிடும் விஷயத்துக்கு, உதாரணமாக ஸ்டைல் பண்புக்குள் எம்எஸ்ஓ சமாசாரத்தை மட்டும் நறுக்குவதற்கு, அதைவிடச் சுருக்கமாக எதுவும் கிடையாது. ஸ்டைல்ஷீட்டுக்குள்ளும் அப்படியே, நிறம் என்று தொடங்கி அரைப்புள்ளியில் முடியும் வரியைத் தூக்க ஒரு வரி ரீஜெக்ஸ் போதும். பேக்ரவுண்ட்-கலர், பார்டர்-கலர் இரண்டிலும் கலர் என்ற சொல் வால் மாதிரி ஒட்டியிருக்கிறது, அவற்றைக் கடித்துவிடாமல் முன்னால் ஹைஃபன் இல்லாததை மட்டும் பிடிக்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று கேட்கிறேன், யாரும் அடிக்க வராதீர்கள்: நாற்பது புத்தகத்துக்கு இவ்வளவு ஸ்கிரிப்ட் வேண்டுமா? பாட்டு எது கடிதம் எது என்று எப்படியும் ஒரு முறை கண்ணால் பார்க்கத்தான் போகிறீர்கள். அதைப் புத்தகம் திறந்தபடியே சிஜிலில் பார்த்து மாற்றிவிட்டால் அதே நேரம்தான் ஆகும், கூடவே விட்டுப்போன எழுத்துப்பிழை நாலும் கண்ணில் படும்.

வடக்குவீதி எழுதியது:

நாற்பதோடு நின்றுவிடும் என்றால் நீங்கள் சொல்வது சரி. ஆனால் மாதம் இரண்டு புதிதாக வந்துகொண்டே இருக்கும் இடத்தில், ஒருவர் கையால் செய்வதும் இன்னொருவர் கையால் செய்வதும் ஒன்றாக இருக்காது. ஒருவர் பாட்டுக்கு பிளாக்கோட் போடுவார், இன்னொருவர் டிவ் போடுவார். ஏடுதூசி புலம்புவதே அந்த ஒற்றுமையில்லாமையைத்தானே.

ரீஜெக்ஸ் விஷயம் ஒப்புக்கொள்கிறேன். காலிபர் எடிட்டரில் தேடி மாற்றும் பெட்டியில் ஃபங்ஷன் மோட் என்று ஒன்று உண்டு. பிடித்த ஒவ்வொன்றையும் ஒரு சின்ன பைதான் ஃபங்ஷனுக்குக் கொடுத்து, அது திருப்பித் தருவதை அங்கே வைக்கும். பாயின்ட் அளவுகளை எல்லாம் இஎம் அலகாக்குவது மாதிரி கணக்குப் போடும் வேலைக்கு மிகவும் வசதி.

கடலோரத்தான் எழுதியது:

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். வடக்குவீதி எழுத்துருப் பெயரை இப்போதைக்குக் கழிக்க வேண்டாம் என்று ஒரு வரியில் சொல்லிவிட்டுக் கடைசியில் விட்டுவிட்டார், அதைத்தான் பிடித்துக்கொண்டு வந்தேன். எங்கள் பக்கம் பழைய கோப்புகள் எல்லாம் பாமினி என்ற, யுனிகோட் அல்லாத எழுத்துருவில்தான் இருக்கும், உங்கள் பக்கமும் டிடிபி நிலையத்திலிருந்து வந்தது என்றால் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது தம்பி.

ஈபப் முழுவதும் யுனிகோட் போலத் தெரியும். ஆனால் யாராவது பழைய கோப்பிலிருந்து ஒரு முன்னுரையையோ நாலு வரிப் பாட்டையோ வெட்டி ஒட்டியிருப்பார்கள். உள்ளே இருப்பது ஜே, கே, பி, ஓ, ஒரு அரைப்புள்ளி. ஸ்டைல்ஷீட்டில் அந்த ஸ்பானுக்கு எழுத்துரு பாமினி என்று இருந்து, அந்த எழுத்துரு கோப்புக்குள் பொதிந்தும் இருந்தால் திரையில் "தமிழ்" என்று அழகாகத் தெரியும். அலங்காரத்தைக் கழுவித் துடைத்தீர்கள் என்றால் அந்த ஆங்கில எழுத்துகள்தான் மிஞ்சும். அதைவிட மோசம், எது பாமினி, எது நிஜமாகவே ஆங்கிலச் சொல் என்று சொல்ல இருந்த ஒரே சாட்சியும் அந்த ஃபான்ட்-ஃபேமிலி வரிதான், அதையும் அழித்தாயிற்று. அவர் சொன்ன எழுத்து ஒப்பீட்டிலும் இது மாட்டாது, ஏனென்றால் எழுத்து ஒன்றும் மாறவில்லை, தோற்றம்தான் மாறியது.

ஆகவே முதலில் ஒரு சின்ன ஸ்கிரிப்ட், எல்லாக் கோப்பிலும் வரும் எழுத்துருப் பெயர்களை மட்டும் பட்டியல் போடட்டும். லதா, விஜயா, நிர்மலா, நோட்டோ என்றால் பயமில்லை, யுனிகோட். பாமினி, டிஏபி, டிஏஎம், டிஸ்கி, வானவில், ஸ்ரீலிபி என்று ஏதாவது கண்டால் அந்த ஸ்பானில் உள்ள எழுத்தை மட்டும் அதற்குரிய மாற்றிக்குள் கொடுத்து யுனிகோட் ஆக்கிவிட்டு, அப்புறம் எழுத்துருவை நீக்குங்கள். எழுத்துக் குறியீடு வேறு வேறு என்பதால் பாமினி மாற்றியில் டிஏபி எழுத்தைக் கொடுத்தால் குப்பைதான் வரும். கொம்புள்ள எழுத்துகளைக் கட்டாயம் கண்ணால் பாருங்கள். பாமினியில் தட்டும்போது கொம்பு முன்னால் வரும், யுனிகோடில் மெய்க்குப் பின்னால் வர வேண்டும், ஸ்பான் நடுவில் வெட்டியிருந்தால் மாற்றி ஏமாந்துபோகும். முதலில் பக்கத்து பக்கத்து பாமினி ஸ்பான்களைச் சேர்த்துவிட்டு மாற்றினால் அந்தச் சிக்கல் வராது.

இன்னும் ஒன்று. வேர்டிலிருந்து வந்த ஸ்பான்களில் மொழி டிஏ என்று ஒரு லாங் பண்பு ஒட்டிக்கொண்டிருக்கும். உரிக்கும்போது அதுவும் போய்விடும். போகட்டும், ஆனால் அதற்கு முன் ஒவ்வொரு எக்ஸ்எச்டிஎம்எல் கோப்பின் எச்டிஎம்எல் டேகிலும், ஓபிஎஃப்பில் (ஈபப்புக்குள் இருக்கும் புத்தக விவரக் கோப்பில்) மொழி என்ற இடத்திலும் தமிழ் என்று ஒரு தடவை போட்டுவிடுங்கள். சத்தமாக வாசிக்கும் வசதியைப் பயன்படுத்துபவர்களுக்கு அது இல்லாவிட்டால் ஆங்கிலக் குரல் தமிழைத் திணறத் திணற வாசிக்கும், சில கருவியில் ஒன்றுமே வாசிக்காது.

ஏடுதூசி எழுதியது:

எல்லோருக்கும் மிக்க நன்றி. முதல் கட்டம் ஓட்டிப் பார்த்தேன். எழுத்துருப் பட்டியலில் லதா, டைம்ஸ், ஏரியலோடு இரண்டு புத்தகங்களில் பாமினி எட்டிப் பார்த்தது, ஒன்றில் முழு அணிந்துரையே அதில்தான். கடலோரத்தான் ஐயா எழுதாமல் இருந்திருந்தால் அது ஆங்கில எழுத்தாகவே வெளியே போயிருக்கும்.

கையெழுத்து யோசனை அபாரம். எல்லாப் புத்தகமும் சேர்த்து ஒரு திரைக்குள் அடங்கிவிட்டது. ஆனால் இரண்டு இடத்தில் முட்டுகிறது. ஒன்று, "நடு + தடிப்பு" என்பதில் கதைத் தலைப்பும் வருகிறது, கதைக்குள் "முற்றும்" என்பதும் வருகிறது, மூன்று நட்சத்திரமும் வருகிறது. எல்லாவற்றையும் எச்2 ஆக்கினால் உள்ளடக்கப் பட்டியலில் நட்சத்திரம் நட்சத்திரமாக வந்து உட்கார்ந்திருக்கிறது. இரண்டு, மாற்றி முடித்து ஜிப் செய்து ஈபப் செக் என்ற சரிபார்ப்புக் கருவியில் போட்டால் மைம்டைப் பற்றி ஏதோ பிழை சொல்கிறது, ஆனால் என் கைபேசியில் நன்றாகத்தான் திறக்கிறது.

வடக்குவீதி எழுதியது:

ஜிப் விஷயம் எளிது. ஈபப்புக்குள் மைம்டைப் என்ற கோப்புதான் முதலில் இருக்க வேண்டும், அதுவும் அமுக்காமல் இருக்க வேண்டும், அதற்குள் application/epub+zip என்ற 20 எழுத்தைத் தவிர ஒரு வரிமுறிவுகூடக் கூடாது. ஃபோல்டரை வலது சொடுக்கி ஜிப் செய்தால் அகர வரிசையில் மெட்டா-இன்ஃப் முந்திக்கொள்ளும், மைம்டைப்பும் அமுங்கிவிடும். பைதானின் ஜிப்ஃபைலில் அதை மட்டும் ஸ்டோர்ட் என்று சொல்லி முதலில் எழுதுங்கள், மற்றதை எல்லாம் டிஃப்ளேட்டில் எழுதுங்கள். கைபேசிச் செயலிகள் இதைக் கண்டுகொள்வதில்லை, ஆனால் கறாரான கடைகளில் ஏற்றும்போது திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

தலைப்புக்குக் கையெழுத்து மட்டும் போதாது, உள்ளே இருக்கும் எழுத்தையும் இடத்தையும் சேர்த்துப் பாருங்கள். எழுத்தே இல்லாமல் நட்சத்திரமும் புள்ளியும் மட்டும் இருந்தால் அது இடைவெளிக்குறி, எச்ஆர் டேக் (குறுக்குக்கோடு) போட்டுவிடுங்கள், எழுத்து ஒப்பீட்டில் மட்டும் அந்தக் குறிகளைக் கணக்கில் எடுக்காதீர்கள். கோப்பின் முதல் இரண்டு மூன்று பத்திக்குள் வந்தால் தலைப்பு. கடைசிப் பத்தியாக வந்தால் "முற்றும்" வகை. இந்த மூன்று விதிக்கும் அடங்காமல் நடுவில் வருவதை ஸ்கிரிப்ட் தானாக முடிவுசெய்யாமல் ஒரு பட்டியலில் எழுதிவைக்கட்டும், நீங்கள் பார்த்து முடிவுசெய்யுங்கள். கதைக்குள் வரும் உட்தலைப்பு, தந்தி வாசகம், கடைப் பலகையில் எழுதியிருப்பது எல்லாம் அந்தப் பட்டியலில் வந்து விழும்.

ஒரு தடிப்பு எச்சரிக்கை: தலைப்புக்குள் ஃபான்ட்-வெயிட் நார்மல் என்று ஒரு ஸ்பான் இருக்கலாம், துணைத்தலைப்பை மெலிதாகக் காட்ட. நார்மல் என்றால் ஒன்றுமில்லை என்று கழித்துவிட்டால் அதுவும் தடித்துவிடும். தாய் டேகில் தடிப்பு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு நார்மலைக் கழியுங்கள்.

மெய்ப்புக்காரி எழுதியது:

எல்லாம் முடிந்த பிறகு காலிபரோடு வரும் ஈபுக்-பாலிஷ் கட்டளையை ஃபோல்டர் முழுக்க ஓட்டுங்கள், பயன்படாத சிஎஸ்எஸ்ஸை நீக்கும் விருப்பத்தோடு. இப்போதுதான் அந்தக் கருவிக்கு வேலை இருக்கும், பழைய ஸ்டைல்ஷீட்டில் ஒரு விதிகூட எதற்கும் பொருந்தாது. ஆனால் மறந்தும் ஈபப்பிலிருந்து ஈபப்புக்கு என்று கன்வர்ட் கொடுத்துவிடாதீர்கள், மறுபடி காலிபர்1, காலிபர்2 என்று எண்ண ஆரம்பித்துவிடும். பாலிஷ் அப்படிச் செய்யாது, இருப்பதை அப்படியே வைத்துச் சொன்னதை மட்டும் செய்யும்.

ஏடுதூசி எழுதியது:

கடைசியாக ஒன்று. பொதுவான ஸ்டைல்ஷீட்டில் என்ன வைப்பது? முக்கியமாக, இரண்டு ஓரமும் சமமாக வைக்கலாமா?

மெய்ப்புக்காரி எழுதியது:

எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. பாடிக்கு எழுத்துருவும் வேண்டாம், அளவும் வேண்டாம், நிறமும் வேண்டாம், அது வாசிப்பவர் விருப்பம். வரி உயரம் வைத்தே ஆக வேண்டும் என்றால் அலகு போடாமல் 1.5 என்று வெறும் எண்ணாக வையுங்கள், எழுத்தைப் பெரிதாக்கும்போது கூடவே வளரும். பத்தி முதல் வரிக்கு 1.2 இஎம் உள்தள்ளல், பத்திகளுக்கு நடுவில் இடைவெளி கிடையாது, தலைப்பை அடுத்து வரும் முதல் பத்திக்கு உள்தள்ளலும் வேண்டாம். பாட்டுக்கு இடது மார்ஜின், கடிதத்துக்கு இரு பக்கமும். அத்தோடு சரி.

இரு ஓரமும் சமம் என்று நானாக இருந்தால் வைக்கமாட்டேன். "எடுத்துக்கொண்டிருந்தவர்களுக்கெல்லாம்" மாதிரி ஒரு சொல் கைபேசித் திரையில் வரிக் கடைசியில் வந்து மாட்டினால் அப்படியே அடுத்த வரிக்குப் போய்விடும், மேல் வரியில் மிஞ்சிய மூன்று சொல்லும் ஆளுக்கொரு மூலையில் நிற்கும். ஹைஃபன்ஸ் ஆட்டோ என்று போட்டால் தமிழுக்குச் சில ரீடர்கள் உடைக்கும், சில உடைக்காது. இதற்காகவே சொல்லுக்குள் கண்ணுக்குத் தெரியாத மென்ஹைஃபனை ஸ்கிரிப்ட் வைத்துத் தூவுகிறவர்கள் இருக்கிறார்கள், அதைச் செய்யாதீர்கள், அப்புறம் புத்தகத்துக்குள் ஒரு சொல்லைத் தேடினால் சில ரீடர்களில் கிடைக்காது.

கடலோரத்தான் எழுதியது:

தேடல் என்றதும் ஞாபகம் வந்தது. வேர்டிலிருந்தும் வலைப்பக்கத்திலிருந்தும் ஒட்டிய தமிழில் ஜீரோ-விட்த் நான்-ஜாய்னர் என்ற ஒரு கண்ணுக்குத் தெரியாத எழுத்து, யுனிகோட் எண் 200சி, சொல் முடிவில் எல்லாம் ஒட்டிக்கொண்டிருக்கும். தமிழ் உரைநடையில் அதற்கு வேலையே இல்லை என்று சொல்லலாம். "க்ஷ" சேராமல் நிற்க வேண்டிய இடத்தில் வேண்டுமென்றே போட்டிருந்தால் மட்டும் விட்டுவிட்டு மற்றதை நீக்குங்கள். அந்தப் படியை எழுத்து ஒப்பீட்டுக்கு அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் ஒவ்வொரு புத்தகத்திலும் ஸ்கிரிப்ட் நின்றுவிடும். பாமினி மாற்றத்தை ஒப்பீட்டுக்கு முன்னாலேயே செய்து, அந்தப் பிரதியையே பழைய கோப்பாக வைத்துக்கொள்ளலாம்.

ஏடுதூசி எழுதியது:

சரி, அந்த வரிசையிலேயே மாற்றி எழுதிக்கொள்கிறேன். மாதிரிக்கு மூன்று புத்தகம் முடித்ததும் பழையதையும் புதியதையும் இங்கேயே போடுகிறேன், கோபோ ரீடர் வைத்திருப்பவர்கள் யாராவது திறந்து பார்த்துச் சொன்னால் உதவியாக இருக்கும், என்னிடம் கிண்டில் மட்டும்தான் இருக்கிறது.